ஆல்பம் விமர்சனம் எழுதுகிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள்?

கேள்வி இதுதான்: பெரிய பத்திரிகைக் குழுமம் எதுவும் பின்னால் இல்லாமல் சொந்தக்காலில் நிற்கும் இசைத் தளங்களில் ஆல்பம் விமர்சனம் எழுதுகிறவர்கள் யார், ஒரு விமர்சனம் அவர்கள் கையில் எப்படி உருவாகிறது, புதிதாக எழுத வருகிறவர் எங்கே சறுக்குகிறார்? அமெரிக்க, பிரிட்டன் தளங்களை வைத்தே பதில் சொல்கிறேன். இந்த வேலைமுறை அங்கேதான் வேர்விட்டது.

முதலில் ஆட்கள். பெரும்பாலானோருக்கு இது பிழைப்பு இல்லை. ரெக்கார்டு கடையில் வேலை செய்கிறவர், நூலகர், கல்லூரி வானொலியில் நிகழ்ச்சி நடத்துகிறவர், ஆராய்ச்சி மாணவர், வாத்தியம் வாசிக்கிறவர் என்று பகலில் வேறு வேலை இருக்கும். சம்பளத்துக்கு உட்காரும் ஆசிரியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களைச் சுற்றிச் சில டஜன் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் இருப்பார்கள். ஒருவர் மெட்டல் மட்டும் எழுதுவார், இன்னொருவர் ஆப்பிரிக்க நடன இசை, வேறொருவர் பழைய ரெக்கார்டுகளின் மறுவெளியீடு. தளத்தின் ருசி என்று வாசகர் நினைப்பது பெரும்பாலும் இந்த ஆட்களின் சேர்க்கைதான்.

தொடக்கமும் இப்படித்தான். 1966-இல் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த 17 வயது பால் வில்லியம்ஸ், மிமியோகிராஃப் என்ற கைப்பிரதி இயந்திரத்தில் அச்சடித்து 'க்ராடாடி' இதழைத் தொடங்கினார். ராக் இசையை ஆழ்ந்து பேச வேண்டிய விஷயமாக எடுத்துக்கொண்ட அமெரிக்க இதழ்களுக்கு அது முன்னோடி. முப்பது ஆண்டு கழித்து, பள்ளிப்படிப்பை முடித்திருந்த ரயன் ஷ்ரைபர் மின்னியாபோலிஸ் பக்கம் பெற்றோர் வீட்டிலிருந்தே பிட்ச்ஃபோர்க் என்ற இசைத் தளத்தை ஆரம்பித்தார். ஸ்டீரியோகம் 2002-இல் ஸ்காட் லபடீன் தொடங்கியது. தி குவைட்டஸ் 2008-இல் லண்டனில் ஜான் டோரன், லூக் டர்னர் இருவரும் தொடங்கியது. இவற்றில் எதற்கும் ஆரம்பத்தில் பெரிய முதலீடு கிடையாது. நிறைய ரெக்கார்டுகளும் நிறைய நேரமும்தான் மூலதனம்.

இனி வேலை. 2015 ஜூலை 10 முதல் உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை வருகின்றன. அதற்கு முன் அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள். விமர்சனம் வெளியீட்டு நாளை ஒட்டி வர வேண்டும் என்பதால், பாடகரின் விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் பிஆர் ஆள் சில வாரங்களுக்கு முன்பே தனிப்பட்ட லிங்க் அனுப்புவார். அதில் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று எம்பார்கோ, அதாவது இந்த நாள் இந்த நேரத்துக்கு முன் எதுவும் வெளியே வரக் கூடாது என்ற நிபந்தனை. எந்த நாட்டு நேரம் என்று பார்க்காமல் விட்டுப் பல மணி நேரம் முந்திப் போட்டுவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. இரண்டாவது வாட்டர்மார்க். ஃபைலுக்குள் காதுக்குக் கேட்காத அடையாளம் இருக்கும். அது கசிந்தால் யாருக்கு அனுப்பிய பிரதி என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நண்பனுக்கு ஒரு பாட்டை அனுப்பிவைத்தாலும் அடையாளம் அதிலேயே இருக்கும். அடுத்த லிங்க் உங்களுக்கும் வராது, உங்கள் ஆசிரியருக்கும் வராது.

கேட்பதுதான் இந்த வேலையில் பெரிய பங்கு. 40 நிமிட ஆல்பத்தை ஆறு முறை கேட்டால் நான்கு மணி நேரம். அந்தப் பாடகரின் பழைய ஆல்பங்கள் மூன்றைக் கேட்க இன்னும் இரண்டு மணி நேரம். எழுதித் திருத்த ஐந்தாறு மணி நேரம். ஆக, 700 சொல் விமர்சனத்துக்குப் பின்னால் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேர உழைப்பு இருக்கிறது. இதில் எதைக் குறைத்தாலும் எழுத்தில் தெரிந்துவிடும். ஒரே நாளில் ஆறு முறை கேட்பதும் சரிப்படாது. முதல் நாள் கவர்ந்த மெட்டு நான்காம் நாள் சலித்துவிடலாம். முதல் நாள் ஒட்டாத பாட்டு ஐந்தாம் நாள் பாத்திரம் கழுவும்போது தானாக வாயில் வரலாம். இந்த மாற்றத்தைப் பிடிக்கக் குறைந்தது ஒரு வாரம் வேண்டும்.

முதல் முறை குறிப்பே எடுக்கக் கூடாது. முதல் பாட்டிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் கேளுங்கள். பாட்டுகளை வரிசைப்படுத்துவதும் பாடகர் எடுக்கும் முடிவுதான். ஷஃபிளில் போட்டுவிட்டு "ஆல்பம் சிதறிக் கிடக்கிறது" என்று எழுதினால் அது ஷஃபிளைப் பற்றிய விமர்சனம். இரண்டாம் முறையிலிருந்து நிமிடக் கணக்கோடு குறிப்பு.

எதில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். லேப்டாப் ஸ்பீக்கரில் சுமார் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தம் ஏறக்குறைய வெளியே வராது. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ். ஹிப்ஹாப்பில் வரும் 808 என்ற டிரம் மெஷின் பேஸின் அடிநாதமும் ஏறக்குறைய அந்த ஆழத்தில்தான் இருக்கும். லேப்டாப்பில் மட்டும் கேட்டவர் "பேஸ் மெலிந்திருக்கிறது" என்று எழுதுவார். பாட்டில் எந்தக் குறையும் இருக்காது, ஸ்பீக்கரில்தான் குறை. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காதை முழுக்க மூடும் சாதாரண வயர்டு ஹெட்போன் ஒன்று, அறையில் ஒரு ஜோடி ஸ்பீக்கர், நடக்கும்போது சாதாரண இயர்போன். மூன்றிலும் கேட்டுவிடுங்கள். பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

சத்த அளவில் இன்னொரு பொறி இருக்கிறது. மனிதக் காது சற்றே உரக்கக் கேட்பதைச் சற்றே நன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஸ்பாட்டிஃபையில் வரும் பழைய ஆல்பம் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற அளவை ஒட்டிச் சமன் செய்யப்பட்டு ஒலிக்கும். பிஆர் அனுப்பிய புது ஃபைலுக்கு அந்தச் சமன் இல்லை, அதனால் பெரும்பாலும் உரக்கக் கேட்கும். இரண்டையும் ஒப்பிட்டு "இந்த முறை ஒலியில் புது வீரியம்" என்று எழுதும் முன் வால்யூமைக் கையால் சமப்படுத்திப் பாருங்கள். பாதி வீரியம் அங்கேயே கரைந்துவிடும்.

குறிப்பு எப்படி இருக்கும் என்று ஒரு பாட்டை வைத்துக் காட்டுகிறேன். பாட்டு கற்பனை, முறை நிஜம்.

"பாட்டு 4. 0:00 கிட்டார் மட்டும், இடது காதில். 0:31 குரல், ரொம்பக் கிட்டத்தில், மூச்சு கேட்கிறது, ரிவெர்ப் (அறையின் முழக்கம்) இல்லை. 1:12 டிரம்ஸ். ஸ்னேர் மட்டும் பெரிய அறையில் அடித்த மாதிரி. 2:40 எல்லாம் நிற்கிறது, குரல் மட்டும். 2:52 பேஸ் திரும்புகிறது, ஒரு ஸ்தாயி கீழே. 'வீடு' என்ற சொல் ஆல்பத்தில் முதல்முறை இங்கேதானா? பாட்டு 1, 2, 3 வரிகளைப் பார்."

இதைப் பயன்படுத்தாதவர் எழுதுவது: "நான்காவது பாட்டு மனதை உருக்குகிறது. கேட்பவரை வேறோர் உலகத்துக்கே அழைத்துச் செல்கிறது." இந்த வாக்கியத்தை எந்த ஆல்பத்தின் எந்தப் பாட்டுக்கும் ஒட்டலாம். பயன்படுத்தியவர் எழுதுவது: "நான்காவது பாட்டில் இரண்டரை நிமிடம் தாண்டியதும் வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்கின்றன. பன்னிரண்டு விநாடி குரல் மட்டும் நிற்கிறது. மூன்று பாட்டாகச் சொல்லாமல் வைத்திருந்த 'வீடு' என்ற சொல்லை அவர் சொன்னதும், பேஸ் ஒரு ஸ்தாயி இறங்கி வந்து காலடியில் தரை போடுகிறது." இதைப் படித்தவர் அந்த இடத்தைத் தேடிப்போய்க் கேட்க முடியும். கேட்டுவிட்டு "எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று சண்டைக்கும் வர முடியும். சண்டைக்கு இடம் கொடுக்கும் வாக்கியம்தான் விமர்சன வாக்கியம்.

தமிழில் இசை விமர்சனம் என்றதும் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதியவை நினைவுக்கு வரும். அவருக்கு இருந்த கஷ்டம் வேறு. கச்சேரி அன்றைக்கே காற்றோடு போய்விடும், வாசகர் சரிபார்க்க முடியாது. ஆல்பம் எழுதுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. படிக்கிறவர் கையிலேயே பாட்டு இருக்கிறது.

அடுத்து, சரிபார்ப்பு. தவறுகள் பெரும்பாலும் பிஆர் அனுப்பும் ஒரு பக்கக் குறிப்பிலிருந்துதான் நுழைகின்றன. அந்தக் காகிதம் விற்பதற்காக எழுதப்பட்டது. "முதல் ஆல்பம்" என்று போட்டிருந்தால் உண்மையிலேயே முதல் ஆல்பமா, அதற்கு முன் இபி (சில பாட்டுகள் மட்டும் உள்ள சிறு வெளியீடு) வந்ததா, மிக்ஸ்டேப் (ஆல்பம் என்று பெயரிடாமல் விடும் பாட்டுத் தொகுப்பு) வந்ததா என்று பாருங்கள். ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த சுவிஸ் பாடகி பிரியா ராகுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் வந்தது மிக்ஸ்டேப், 2023-இல் வந்த 'சந்தோசம்' தான் முதல் ஆல்பம். இரண்டையும் குழப்பினால் "இரண்டாவது ஆல்பத்தின் தடுமாற்றம்" என்ற ரெடிமேட் கதையை அவர் தலையில் கட்டிவிடுவோம்.

யார் என்ன செய்தார்கள் என்பதிலும் குழப்பம் அதிகம். புரொட்யூசர் பாட்டின் வடிவத்தை முடிவு செய்கிறவர், சில சமயம் இசையையே உருவாக்குகிறவர். ரெக்கார்டிங் எஞ்சினியர் மைக் வைத்துப் பதிவு செய்கிறவர். மிக்ஸிங் செய்கிறவர் பதிவான டிராக்குகளின் அளவையும் இடத்தையும் சமன் செய்து இரண்டு சேனலுக்குள் கொண்டுவருகிறவர். மாஸ்டரிங் செய்கிறவர் அந்த முடிந்த மிக்ஸுக்குக் கடைசி மெருகு கொடுத்து, பாட்டுக்குப் பாட்டு ஒலியளவை ஒழுங்குபடுத்துகிறவர். குரல் டிரம்ஸுக்குள் புதைந்து கிடந்தால் மாஸ்டரிங்கைத் திட்டாதீர்கள். அது மிக்ஸில் நடந்தது, பல சமயம் வேண்டுமென்றே செய்ததும்கூட. பெயர்களுக்கு ஆல்பத்தின் உள்ளட்டை அல்லது கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் அதன் பக்கத்தின் அடியில் இருக்கும் பட்டியல்தான் முதல் ஆதாரம். டிஸ்காக்ஸ் என்ற ரெக்கார்டு விவரத் தளமும் பயன்படும், ஆனால் அது பயனர்களே நிரப்பும் பட்டியல், ஆகவே அட்டையின் படத்தோடு ஒத்துப்பாருங்கள். பாட்டு வரியைக் காதால் கேட்டு மேற்கோள் காட்டாதீர்கள். பிஆரிடம் வரிகளைக் கேட்டு வாங்குங்கள். தப்பாகக் கேட்ட ஒரு வரியின் மேல் ஒரு முழுப் பத்தி வியாக்கியானம் எழுதி, கடைசியில் வரியே வேறு என்று தெரிந்தால் அந்தப் பத்தியைக் காப்பாற்ற வழியே இல்லை.

எழுதும்போது நீளம் 600 முதல் 900 சொல். பாட்டு ஒன்று, பாட்டு இரண்டு என்று பந்தி பரிமாறுவது போலப் போகாதீர்கள். ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஒரே ஒரு விஷயம் இருக்க வேண்டும். அதற்குச் சாட்சியாக மூன்று அல்லது நான்கு பாட்டு போதும். பாடகரின் வாழ்க்கைக் கதை நூறு சொல்லுக்கு மேல் போனால் அது விமர்சனத்தை விழுங்கிவிடும். ஒப்பீடு இரண்டுக்கு மேல் வேண்டாம். அவர் மாதிரி, இவர் மாதிரி என்று அடுக்குவதைவிட, எந்த இடத்தில் எந்த விதத்தில் என்று சொல்லுங்கள். டிரம்ஸ் ஒலியிலா, குரலை இழுக்கும் விதத்திலா?

மதிப்பெண் பற்றி எனக்குத் திடமான அபிப்பிராயம் உண்டு: எண் இல்லாமல் எழுதுவதே நல்லது. பிட்ச்ஃபோர்க்கின் 0.0 முதல் 10.0 வரையிலான தசமக் கணக்கு பிரபலம். 2000-இல் ரேடியோஹெட்டின் 'கிட் ஏ'வுக்கு 10.0. 2004-இல் ஆர்கேட் ஃபயரின் முதல் ஆல்பத்துக்கு 9.7, அதன் பிறகு அந்த ரெக்கார்டுக்கு வந்த கிராக்கியை மெர்ஜ் என்ற சின்ன லேபிளால் (ரெக்கார்டு வெளியிடும் நிறுவனத்தால்) சமாளிக்க முடியவில்லை. அதே 2004-இல் ட்ராவிஸ் மாரிசனின் தனி ஆல்பத்துக்கு 0.0, அது தனிப் பாடகராக அவருடைய பயணத்தையே முடக்கியது. ஒரு எண்ணுக்கு இவ்வளவு பலம் இருந்தால் அதைச் சுற்றியுள்ள 700 சொல்லை யார் படிப்பார்கள்? 2001-இல் வந்த, பல தளங்களின் விமர்சனங்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் இன்னும் ஒரு படி போய், 7.4 என்றால் 74 என்று மாற்றிச் சராசரியில் கொட்டிவிடுகிறது. தி குவைட்டஸ் எண் போடுவதில்லை. அங்கே ஆல்பம் பிடித்ததா இல்லையா என்று தெரிய வேண்டுமென்றால் படித்தே ஆக வேண்டும். எண் போடும் தளத்தில் எழுத நேர்ந்தால், எழுதி முடித்த பிறகு எண்ணைத் தீர்மானியுங்கள். முதலிலேயே 8 என்று மனதில் போட்டுக்கொண்டால் பத்திகள் எல்லாம் அந்த எட்டுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடும்.

ஆசிரியர் கைக்குப் போனதும் பெரும்பாலும் இரண்டு சுற்றுத் திருத்தம் நடக்கும். ஓரத்தில் வரும் கேள்விகள் எந்தத் தளத்திலும் ஒன்றுபோலவே இருக்கும்: "இது எந்தப் பாட்டில் கேட்கிறது?", "இதைப் பாடகர் சொன்னாரா, நீங்கள் ஊகிக்கிறீர்களா?", "இந்த உரிச்சொல் பிஆர் காகிதத்திலும் இருக்கிறதே?", "முதல் பத்தியை எடுத்துவிட்டால் என்ன குறையும்?" கடைசிக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் "ஒன்றும் குறையாது". நல்ல தளத்துக்கும் மோசமான தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத்தாளரின் திறமையைவிட இந்த ஓரக் கேள்விகளில்தான் நான் பார்க்கிறேன். திருத்தவே ஆள் இல்லாத தளத்தில் இரண்டு ஆண்டு எழுதினாலும் எழுத்து நின்ற இடத்திலேயே நிற்கும்.

நேர்மை விஷயத்தில் விதிகள் எளிமையானவை, கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். நண்பரின் ஆல்பத்தை எழுதாதீர்கள், சண்டைபோட்டவரின் ஆல்பத்தையும் எழுதாதீர்கள். முன்பு அந்த லேபிளுக்குப் பணத்துக்கு ஏதாவது எழுதிக்கொடுத்திருந்தால் ஆசிரியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வெளியாகும் முன் பாடகருக்கோ பிஆருக்கோ காட்டாதீர்கள். "இவ்வளவு தருகிறோம், விமர்சனம் போடுங்கள்" என்றால் அது விளம்பரம். தகவல் பிழை இருந்தால் திருத்தி, திருத்தியதைக் கீழே குறிப்பிடுங்கள். கருத்துக்காகத் திட்டு வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள்.

வாய்ப்பு கேட்பது எப்படி? மின்னஞ்சல் 150 முதல் 200 சொல்லுக்குள். பாடகர், ஆல்பம், லேபிள், வெளியீட்டு நாள் முதல் வரியிலேயே. அடுத்து, இந்த ஆல்பத்தைப் பற்றி நீங்கள் என்ன வாதிடப் போகிறீர்கள் என்பது இரண்டு மூன்று வாக்கியத்தில். கடைசியில் நீங்கள் எழுதிய இரண்டு கட்டுரையின் லிங்க். வெளியீட்டுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னால் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அந்த ஆண்டின் மிகப் பெரிய நட்சத்திரத்தின் ஆல்பத்தைக் கேட்டால் கிடைக்காது, அது தளத்தின் உள்ளாட்களுக்கு எப்போதோ ஒதுக்கப்பட்டிருக்கும். மற்றவருக்குத் தெரியாத எது உங்களுக்குத் தெரியும் என்று யோசியுங்கள். தமிழ் தெரிந்தவருக்கு அங்கே நிஜமான இடம் இருக்கிறது. பிரியா ராகு மாதிரியானவர்களின் பாட்டில் தமிழ் வரி வந்தால், மொழி தெரியாத விமர்சகர் அதை ஒலி அலங்காரமாக மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார். அந்த வரி என்ன சொல்கிறது, எந்தத் தொனியில் சொல்கிறது என்று எழுத உங்களால் முடியும்.

பணம் குறைவு. சில தளங்கள் ஒன்றும் தருவதில்லை. ஒப்புக்கொள்ளும் முன் தொகை, எத்தனை நாளில் தருவார்கள், எழுத்தின் உரிமை யாருக்கு என்று மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்கிய கட்டுரையைப் போடாமல் விட்டால் கில் ஃபீ உண்டா என்றும் கேளுங்கள். இருந்தால் பேசிய தொகையில் கால் பங்கிலிருந்து பாதிவரை இருக்கும். தளங்களின் நிலைமையும் ஆட்டம்தான். 2015 அக்டோபரில் கான்டே நாஸ்ட் என்ற பெரிய பத்திரிகைக் குழுமம் வாங்கிய பிட்ச்ஃபோர்க், 2024 ஜனவரியில் அதே குழுமத்தின் ஆண்கள் இதழான ஜிக்யூவோடு இணைக்கப்பட்டது, பலர் வேலை இழந்தார்கள். அங்கிருந்து வெளியேறிய சிலர் அதே ஆண்டு ஹியரிங் திங்ஸ் என்ற தங்களுடைய சொந்தத் தளத்தை வாசகர் சந்தாவை நம்பித் தொடங்கினார்கள். கைமாறிப் போயிருந்த ஸ்டீரியோகம்மை லபடீன் 2020 தொடக்கத்தில் திரும்ப வாங்கினார். வாங்கிய சில வாரங்களில் கோவிட் வந்து விளம்பர வருமானம் வற்றிப்போனது. நலன்விரும்பும் கலைஞர்கள் 2000-களின் பாட்டுகளை மறுபடி பாடிக்கொடுத்த தொகுப்பைக் காட்டி வாசகர்களிடம் நிதி திரட்டித்தான் அந்த ஆண்டைக் கடந்தது.

கடைசியாக, பலர் கவனிக்காமல் விட்டு வருந்துகிற விஷயம். ஸ்டைலஸ் என்ற இசைத் தளம் 2007-இல் நின்றது, டைனி மிக்ஸ் டேப்ஸ் என்ற தளம் 2020-இல் நின்றது. 2024 ஜூனில் எம்டிவி நியூஸ் தளத்தில் இருபது ஆண்டுக்கு மேலான கட்டுரைகள் முன்னறிவிப்பில்லாமல் மறைந்தன. அங்கே எழுதிய பலருக்கு வேலை கேட்கும்போது காட்ட லிங்க்கூட இல்லாமல் போனது. ஆகவே விமர்சனம் வெளியான அன்றே நான்கு காரியம் செய்யுங்கள்: பக்கத்தை இணையப் பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் சேமியுங்கள், பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளுங்கள், ஆசிரியர் திருத்திய இறுதி வடிவத்தைத் தேதியோடு உங்கள் கணினியில் வையுங்கள், கேட்கும்போது எடுத்த நிமிடக் குறிப்பையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். அந்தப் பாடகரின் அடுத்த ஆல்பம் வரும்போது முதலில் திறக்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.